நஞ்சும் மருந்தும் ஒரே வேரில்

"மூலிகைதானே, குடித்தால் ஒன்றும் செய்யாது." இந்த வார்த்தையைக் கேட்காத வீடு நம்மிடையே இருக்க முடியாது. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டு மாமி ஒரு வேரையோ விதையையோ கொண்டு வந்து தருவார். டாக்டர் எழுதித் தந்த குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதனால் ஏதும் பக்கவிளைவு வருமா?" என்று நான்கு பேரிடம் விசாரிக்கும் அதே உம்மா, இந்த வேரைப் பற்றி யாரிடமும் ஒரு கேள்வி கேட்பதில்லை. மண்ணில் முளைத்தது என்பதே அதற்குப் போதுமான நற்சான்றிதழாகி விடுகிறது.

சகோதரிகளே, மூலிகையை இழித்துப் பேச நான் வரவில்லை. உலகம் இன்று பயன்படுத்தும் பல மருந்துகள் செடியிலிருந்து வந்தவைதாம். ஆனால் செடி மருந்தாக வேலை செய்வதற்கு முன்னால் அது எதற்காக அந்தப் பொருளைத் தனக்குள் தயாரிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மாடு வந்தால் ஓட அதற்குக் கால் இல்லை. புழு கடித்தால் தட்டிவிடக் கை இல்லை. ஆகவே தன்னை உண்ண வருபவரைத் தடுப்பதற்கு அதனிடம் இருப்பது கசப்பும் நஞ்சும்தான். நமக்கு மருந்தாகும் பொருள்களில் பல, அந்தச் செடியின் கணக்கில் ஆயுதங்கள்.

அந்த ஆயுதங்களில் ஒரு வகையைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன். உயிருள்ள கலம் ஒன்றினுள் புரதம் உண்டாவதையே நிறுத்திவிடும் நஞ்சுகள் இவை. வயிற்றுளைச்சலைத் தரும் அமீபாவையும் மலேரியாக் கிருமியையும் இவற்றால் கொல்ல முடிந்தது. எம்மையும் கொல்ல முடியும். இரண்டும் ஒரே காரணத்தால்தான்.

மணி கோர்க்கும் பட்டறை

நமது உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் இறைபோசோம் என்ற மிக நுண்ணிய பட்டறைகள் இருக்கின்றன. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பெயரை அவளுடைய புத்தகத்தில் காண்பீர்கள். தஸ்பீஹ் மணி கோர்ப்பதைப் போன்றதுதான் அதன் வேலை. இன்ன நிற மணிக்குப் பின் இன்ன நிற மணி என்று எழுதிய ஒரு சீட்டு கலத்தின் கருவிலிருந்து வருகிறது. பட்டறை அந்தச் சீட்டை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கிறது. வெளியே நிற்கும் எடுபிடிகள் அதற்குரிய மணியைக் கொண்டு வந்து நீட்ட, பட்டறை அதை வாங்கிக் கோர்த்துவிட்டு, சீட்டை ஒரு படி நகர்த்தி அடுத்த மூன்று எழுத்தை வாசிக்கிறது. அமினோ அமிலங்கள் எனப்படும் இந்த மணிகளில் 20 வகை உண்டு. கோர்த்து முடிந்த மாலையே புரதம். இரத்தத்தின் சிவப்பு நிறப் பொருள், இதயத்தின் தசை, உணவைச் செரிக்கும் நொதியம் எல்லாம் இப்படிக் கோர்க்கப்பட்டவைதாம்.

இந்தப் பட்டறை நின்றால் கலம் சில நாள் தாக்குப் பிடிக்கலாம், அதற்கு மேல் முடியாது.

இனி நம் வேலியோரத்துக்கு வாருங்கள். கருப்புக் கண்ணோடு சிவந்து மின்னும் குன்றிமணியை உங்களுக்குத் தெரியும். பொற்கொல்லர்கள் ஒரு காலத்தில் அதைக் கொண்டுதான் தங்கம் நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. நமது சிங்களச் சகோதரர்கள் அதை ஒலிந்த என்பார்கள், புத்தாண்டில் அதை வைத்து ஒரு விளையாட்டும் விளையாடுவார்கள். தாவரவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரில் பிரார்த்தனையைக் குறிக்கும் ஒரு சொல் இருக்கிறது, ஏனென்றால் பல நாடுகளில் இந்த விதையில் செபமாலை கோர்த்தார்கள். மணி கோர்க்கும் பட்டறையை உடைக்கின்ற ஒரு நஞ்சு, மணியாகக் கோர்க்கப்படும் விதைக்குள்ளேயே இருக்கிறது! அதன் பெயர் அப்ரின். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினும் இதே குடும்பம்தான். 1888ஆம் ஆண்டு எஸ்தோனியாவின் தார்த்து நகரில், அன்று அதற்கு தோர்பாத் என்று பெயர், ஹேர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் ரிசினைப் பிரித்தெடுத்தார்.

இது எப்படிக் கொல்கிறது என்று தெரிந்துகொள்ள மேலும் ஒரு நூறு வருடம் பிடித்தது. 1987இல் ஜப்பானிய விஞ்ஞானி யாயேத்தா எண்டோவும் அவரது சகாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். இறைபோசோம் ஆயிரக்கணக்கான எழுத்துகளால் ஆனது போன்ற ஓர் அமைப்பு. அதில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் உள்ள ஒரே ஒரு எழுத்தை ரிசின் பிடுங்கி எறிகிறது. அவ்வளவுதான், அந்தப் பட்டறை இனி இயங்காது. வேலையை முடித்த ரிசின் அழிந்து போவதுமில்லை. அடுத்த பட்டறைக்குப் போகிறது. ஒரே ஒரு ரிசின் மூலக்கூறு நிமிடமொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட இறைபோசோம்களைப் பாழாக்க வல்லது.

இத்தகைய முரட்டு நஞ்சு மருந்தாக உதவாது. நோய்க்கிருமியை விட்டுவிட்டு நம்மை முடித்துவிடும். ஆனால் பட்டறையை உடைக்காமல், அதன் வாசலில் ஓர் ஆப்பைச் செருகியது போல நிற்கும் வேறு நஞ்சுகள் செடிகளில் உண்டு. அவற்றில் ஒன்றின் கதைதான் மிகவும் சுவையானது.

பிரேசில் காட்டு வேர்

பிரேசில் நாட்டு மழைக்காடுகளின் நிழலில் முழங்கால் உயரத்துக்கு வளரும் ஒரு சிறு செடி இபெக்காகுவானா. கோப்பிச் செடியின் சொந்தக்காரி. அதன் வேர் வளையம் வளையமாகத் திரண்டிருக்கும். அங்குள்ள பழங்குடி மக்கள் அந்த வேரை வயிற்றுளைச்சலுக்குப் பயன்படுத்தி வந்ததை ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் பிஸோ கண்டு, 1648இல் வெளியான பிரேசில் பற்றிய நூலில் எழுதினார். கொஞ்சம் உண்டால் வாந்தி. வாந்திக்குப் பிறகு இரத்தமும் சளியுமாகப் போன வயிறு நின்றுவிடும்.

நூல் வந்தும் ஐரோப்பா கவனிக்கவில்லை. 1680களில் பாரிஸ் நகரில் ஹெல்வேசியஸ் என்ற இளம் வைத்தியர் இந்த வேரைத் தூளாக்கி, பெயரைச் சொல்லாமல் 'இரகசிய மருந்து' என்று விளம்பரம் செய்து விற்றார். அரச குடும்பத்துக்கும் அதைக் கொடுத்துக் குணமாக்கினார். பதினான்காம் லூயி மன்னன் பெரும் தொகைப் பொற்காசு கொடுத்து அந்த இரகசியத்தை வாங்கி, எல்லோருக்கும் அறிவித்தான். இரகசிய மருந்து விற்கும் வியாபாரம் அன்று தொடங்கியதல்ல, இன்று முடிந்ததுமல்ல. பத்திரிகை விளம்பரங்களைப் பார்க்கும் உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது அந்த மன்னன் பெயரையாவது வெளியே சொல்ல வைத்தானே!

1817இல் பெல்லெத்தியே, மஜாந்தி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் வேரிலிருந்து வாந்தி உண்டாக்கும் சத்தைப் பிரித்து எமிட்டீன் என்று பெயரிட்டார்கள். இதே பெல்லெத்தியேதான் மூன்று வருடம் கழித்து, வேறொருவருடன் சேர்ந்து, சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர். இதற்குப் பிறகு வேடிக்கையான ஒரு திருப்பம் நடந்தது. வாந்தி ஒரு தொல்லை, குணமாக்கும் சத்து வேறொன்றாக இருக்கும் என்று வைத்தியர்கள் நினைத்தார்கள். எமிட்டீனை நீக்கிய இபெக்காக் மருந்து கூட விற்பனைக்கு வந்தது. நோயாளிக்கு வாந்தி வரவில்லை. நோயும் போகவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் எட்வர்ட் வெடர் என்ற அமெரிக்கப் படை வைத்தியர். 1911-1912 காலப்பகுதியில் மனிலாவில் இருந்த அவர், கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த அமீபாக்கள் மீது எமிட்டீனை விட்டுப் பார்த்தார். ஒரு இலட்சத்தில் ஒரு பங்காகக் கரைத்த எமிட்டீனே அவற்றைக் கொன்றது. அதாவது வாந்தி தரும் சத்தும் குணம் தரும் சத்தும் ஒன்றே. இதைப் படித்த லெனார்ட் ரோஜர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1912இல் கல்கத்தாவில் எமிட்டீனை ஊசி மூலம் நோயாளிகளுக்கு ஏற்றினார். கை விடப்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஈரலில் சீழ்க்கட்டி கண்டவர்களுக்கும் அது வேலை செய்தது. எமிட்டீன் ஈரலில் அதிகம் தங்கும் இயல்புடையது என்பதே காரணம்.

அமீபா வயிற்றுளைச்சல் என்பதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அமீபா பெருங்குடலின் சுவரைத் தின்று புண்ணாக்குகிறது. அங்கிருந்து இரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய்ச் சீழ் வைக்கிறது. நோயாளியின் மலத்தில் அதன் முட்டை போன்ற உறை வெளியேறி, கிணற்று நீரிலும் கீரையிலும் கலந்து அடுத்தவர் வாய்க்கு வருகிறது. குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் அளவு குளோரீனுக்கு அந்த உறை அசைந்து கொடுக்காது. கொதிக்க வைத்தால் சாகும்.

நோயாளியைக் கட்டிலில் கட்டிப்போட்ட மருந்து

எமிட்டீன் ஊசி அரை நூற்றாண்டு காலம் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் ஆட்சி செய்தது. ஆனால் அதைப் போடும் முறையைக் கேட்டால், 'மூலிகைதானே' என்ற வார்த்தை உங்கள் வாயில் வராது. நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது. அறுபது மில்லிகிராம் என்பது சில உப்புக் கல்லின் எடைதான். பத்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது. மறுபடியும் போடுவதானால் சில கிழமைகள் பொறுக்க வேண்டும். நோயாளி அத்தனை நாளும் கட்டிலில் படுத்தே இருக்க வேண்டும். தாதி வந்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஏனென்றால் எமிட்டீன் இதயத்தைத் தாக்கும். உடம்பை விட்டு அது இலேசில் வெளியேறுவதில்லை. இன்று போட்டதில் ஒரு பகுதி நாளையும் இருக்கும், நாளை போடுவது அதன் மேல் சேரும். அளவு கூடினால் இதயத் துடிப்பு தடுமாறி, அழுத்தம் விழுந்து, நோய் குணமான உடம்பில் உயிர் இல்லாமல் போகலாம்.

ஏன் இப்படி? 1966இல் நியூயோர்க்கில் ஆர்தர் க்ரொல்மன் என்ற விஞ்ஞானி இதற்கு விடை சொன்னார். எமிட்டீன் புரதப் பட்டறையை நிறுத்துகிறது. அமீபாவின் பட்டறையை மட்டுமல்ல, மனிதக் கலத்தின் பட்டறையையும்தான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஹஸ்ரத், டெற்றாசைக்கிளின் குளிசையும் கிருமியின் இறைபோசோமைத்தான் நிறுத்துகிறது என்று எங்கள் டீச்சர் சொன்னாவே. அதைச் சாப்பிட்டவர் இதயம் நிற்பதில்லையே?" நல்ல கேள்வி. பற்றீரியாவின் பட்டறை நம்முடையதைவிடச் சிறியது, அமைப்பிலும் வேறுபட்டது. அதன் வாசலுக்குப் பொருந்தும் ஆப்பு நமது வாசலுக்குப் பொருந்தாது. டெற்றாசைக்கிளின், எரித்ரோமைசின் போன்றவை நமக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாததன் இரகசியம் அதுவே. அமீபாவும் மலேரியாக் கிருமியும் பற்றீரியா அல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் கலத்தின் அமைப்பில் அவை நமது பக்கத்து உயிர்கள். கலத்துக்குள் கரு உண்டு, பட்டறையும் கிட்டத்தட்ட நம் பட்டறையின் சாயல். வீட்டுக்குள் நுழைந்த கள்வனும் வீட்டுக்காரரும் ஒரே மாதிரிச் சட்டை அணிந்திருந்தால், இருட்டில் அடிப்பவர் யாரை அடிப்பார்?

க்ரொல்மன் விடை சொன்ன அதே 1966இல், தென்னாபிரிக்காவின் டேர்பன் நகர வைத்தியர்கள் மெற்றோனிடசோல் என்ற மருந்து அமீபாவைக் குணமாக்குவதாக எழுதினார்கள். பிளாஜில் என்ற பெயரில் நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் கிடக்கும் குளிசைதான் அது. அது பட்டறைப் பக்கம் போவதேயில்லை. பிராணவாயு இல்லாத சூழலில் வாழும் கிருமிக்குள் போனால்தான் அது விஷமாக மாறும். நம் கலத்துக்குள் அப்படி மாறுவதில்லை. கள்வனுக்கு மட்டும் இருக்கும் ஓர் அடையாளத்தை அது கண்டுபிடித்துவிட்டது எனலாம். எமிட்டீன் ஊசி மெல்ல மெல்ல அலுமாரிக்குள் போனது.

ஆனால் இபெக்காக் வேர் வீடுகளை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் 1965 முதல் அதன் பாணி மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடியதாக இருந்தது. பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைப்பதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போத்தல் வைத்திருக்கும்படி வைத்தியர்களே சொன்னார்கள். மெலிய வேண்டும் என்ற ஆசையில் சிலர் அதைத் தொடர்ந்து குடிக்கத் தொடங்கியபோதுதான் விபரீதம் புரிந்தது. 1983 பெப்ரவரியில் பிரபல பாடகி கரென் கார்பென்டர் 32 வயதில் இறந்தார். அவரது மரணக் காரணங்களில் எமிட்டீனால் இதயம் கெட்டதையும் மரண விசாரணை அதிகாரி குறிப்பிட்டார். 2003இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், இனி வீட்டில் இபெக்காக் வைத்திருக்க வேண்டாம் என்று அறிவித்தது. வாந்தி எடுக்க வைப்பதால் விழுங்கிய நஞ்சு முழுவதும் வெளியே வருவதில்லை, பிள்ளைக்கு அதனால் நன்மை என்று நிரூபிக்கவும் முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

சீன வைத்தியரின் காய்ச்சல் வேர்

இதே கதை சீனாவிலும் நடந்திருக்கிறது. சங்ஷான் என்ற செடியின் வேரைச் சீன வைத்தியர்கள் சுமார் இரண்டாயிரம் வருடமாக விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்து வந்தார்கள். குணமும் கிடைத்தது, குடலைப் புரட்டும் வாந்தியும் கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் ஜாவாத் தீவைப் பிடித்ததும் உலகத்துக்குக் குயினைன் வரும் வழி அடைபட்டது. படைகள் மலேரியாவில் விழத் தொடங்கின. அப்போதுதான் சீன ஆய்வாளர்கள் சங்ஷானை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனார்கள். 1940களில் அதன் சத்து பிரிக்கப்பட்டு பெப்ரிபியூஜின் என்று பெயர் பெற்றது. மலேரியாவை அது அடக்கியது உண்மை. ஆனால் நோயாளியால் மருந்தைத் தாங்க முடியாததால் கைவிட்டார்கள்.

இந்தச் சத்து தாக்கும் இடம் 2012இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இது பட்டறையைத் தொடுவதில்லை. மணி கொண்டு வந்து கொடுக்கும் எடுபிடிகளைச் சொன்னேன் அல்லவா, அவர்களில் புரோலின் என்ற ஒரு நிற மணியைச் சுமப்பவனின் கையில் மணியை வைத்துவிடும் நொதியத்தைப் பிடித்துக்கொள்கிறது. எடுபிடி வெறுங்கையோடு வந்து நிற்கிறான். அந்த நிறம் வர வேண்டிய இடத்தில் மாலை அறுந்து நிற்கிறது. பத்தொன்பது நிற மணிகள் குவிந்து கிடந்தாலும் பயனில்லை.

இதன் செயற்கை உறவான ஹலோபுஜினோன் என்ற மருந்து கோழிப் பண்ணைகளில் பல காலமாகத் தீவனத்தில் கலக்கப்படுகிறது. குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்து சாகும் கொக்சிடியா நோயைத் தருவதும் மலேரியாவின் உறவுக் கிருமிதான். கோழிக்குப் பொருந்திய அளவு மனிதனுக்குப் பொருந்த வேண்டும் என்று நியதி இல்லை. இதைச் சொல்லும்போது அரபுக் கல்லூரி நாட்களில் அறிந்த ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த இப்னு சீனா, தமது அல்கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில், புதிய மருந்தைச் சோதிப்பதற்குச் சில விதிகளை வகுக்கிறார். அவற்றில் ஒன்று, மனித உடம்பிலேயே மருந்தின் விளைவைப் பார்க்க வேண்டும், மிருகத்தில் கண்டதைக் கொண்டு மனிதனுக்கு முடிவு கட்டக் கூடாது என்பது. ஓர் உடம்புக்கும் மற்ற உடம்புக்கும் இடையிலான வித்தியாசம்தான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது என்பதை அவர் நன்றாக விளங்கியிருந்தார்.

வித்தியாசத்தைத் தேடி

இன்றைய விஞ்ஞானிகள் தேடுவதும் அந்த வித்தியாசத்தையே. 2014இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னையும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜையும் சேர்ந்த ஆய்வாளர்கள், மலேரியாக் கிருமியின் இறைபோசோமை உறைய வைத்து, அணுக்கள் எங்கெங்கே என்று ஊகிக்கும் அளவுக்கு நுணுக்கமாக இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படம் பிடித்தார்கள். எமிட்டீன் அதில் ஒட்டியிருப்பதும் அந்தப் படத்தில் தெரிந்தது. சீட்டு நகர்ந்து வெளியேறும் வாசலில், பட்டறையின் சிறிய பாதியில் அது குந்தியிருந்தது. சீட்டை அடுத்த படிக்கு நகர விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வெடர் மனிலாவில் கண்ட அற்புதத்துக்கு நூறு வருடம் கழித்துக் கிடைத்த விளக்கம் இது.

அந்த வாசல் மனிதனிலும் கிருமியிலும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் பட்டறையின் வேறு மூலைகளில் கிருமிக்கு மட்டும் உரிய மேடு பள்ளங்கள் இருக்கின்றன. எமிட்டீனைச் சற்றே செதுக்கி, அந்த மேடு பள்ளத்தையும் சேர்த்துப் பிடிக்கும்படி செய்தால், நம்மை விட்டுக் கிருமியை மட்டும் பிடிக்கும் மருந்து கிடைக்கலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. சீன வேரிலும் இதே முயற்சி நடக்கிறது. 2015இல் அமெரிக்காவின் ஹாவர்ட் ஆய்வாளர்கள் பெப்ரிபியூஜினின் சாயலில் ஹலோபுஜினோல் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். எலிகளில் அது மலேரியாவை அடக்கியது, பழையதைவிட நன்றாகத் தாங்கிக்கொள்ளவும் முடிந்தது. அதே வருடம் ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தார் செடியின் உதவியின்றி, ஆய்வுகூடத்திலேயே ஒரு மருந்தைக் கண்டார்கள். சீட்டைப் படி படியாகத் தள்ளும் உதவியாளரை, மலேரியாக் கிருமியினுள் மட்டும் முடக்குவது அது. கபமிக்குயின் என்று பெயரிடப்பட்டு, மனிதர்களிடையே சோதனைக்கும் வந்தது.

நமது நாட்டில் மலேரியா இல்லையே, இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், 2012 ஒக்டோபருக்குப் பிறகு இந்த மண்ணில் தொற்றிய மலேரியா இல்லாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது. ஆனால் நுளம்பு போகவில்லை. ஆபிரிக்க நாடுகளுக்குத் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் போய் வருகின்றவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். போய் வந்த ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே டாக்டரிடம் அந்தப் பயணத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய மருந்துகளுக்குக் கிருமி பழகிவிட்டது என்பதால்தான் புதியதைத் தேடுகிறார்கள்.

வீட்டுக்குள் ஒரு பார்வை

இனி, உங்கள் சமையலறைக்கும் முற்றத்துக்கும் உரிய சில விஷயங்கள்.

பிள்ளைக்கு இரத்தமும் சளியுமாக வயிறு போனால் அது அமீபாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குழந்தைகளில் பெரும்பாலும் பற்றீரியாவே காரணம். அலுமாரியில் கிடக்கும் பழைய பிளாஜிலை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். மலத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஜீவனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வீட்டில் எல்லோரும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள், மலசல கூடத்துக்குப் போய் வந்த கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

வயிற்றை நிறுத்தும் என்று யாரும் தரும் வேர்க் கசாயத்தை, அது என்ன வேர், எந்தச் செடி என்று தெரியாமல் பிள்ளைக்கோ கர்ப்பிணிக்கோ கொடுக்கக் கூடாது. ஆயுர்வேத, யூனானி வைத்தியம் முறையாகப் படித்தவர்களே ஒவ்வொரு மருந்துக்கும் அளவும், சுத்தி செய்யும் முறையும் சொல்வார்கள். நம் முன்னோரில் ஜாபிர் இப்னு ஹையான் நஞ்சுகளைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். மூலிகையைப் பற்றி நன்றாக அறிந்தவர்களே அதற்கு அதிகம் பயந்தார்கள் என்பதுதான் நான் கண்டது.

ஆமணக்கெண்ணெயை வாங்கிப் பயன்படுத்தும் சகோதரிகள் பயப்பட வேண்டாம். ரிசின் எண்ணெயில் கரைவதில்லை, பிழிந்த பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. கடையில் வரும் எண்ணெய் சூடாக்கிச் சுத்திகரிக்கப்பட்டதும்கூட. பயப்பட வேண்டியது விதையையும், பூமரத்துக்கு உரமாகப் போடும் பிண்ணாக்கையும்தான். ஆடும் கோழியும் கிளறும் இடத்தில் அந்தப் பிண்ணாக்கை மூடாமல் போட்டு வைக்காதீர்கள்.

குன்றிமணியில் செய்த மாலை, கைவளையல், அலங்காரப் பொருள் ஏதும் சுற்றுலாத் தலங்களில் வாங்கி வந்திருந்தால், சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். அதன் தோல் மிகக் கடினம். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, ஊசி துளைத்த மணியாக இருந்தாலோதான் உள்ளே இருக்கும் நஞ்சு வெளிப்படும். எது நடந்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை குன்றிமணியையோ ஆமணக்கு விதையையோ வாயில் போட்டது தெரிந்தால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்தெடுத்து, வாயைக் கழுவி, அதே விதையில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியில் நஞ்சுகள் பற்றிய தகவல் நிலையம் ஒன்று இருக்கிறது. எந்த ஊர் டாக்டரும் அங்கே ஆலோசனை கேட்கலாம். எத்தனை விதை, எத்தனை மணிக்கு, மென்றதா விழுங்கியதா என்று அவர் கேட்பார். பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். பட்டறை நின்ற கலத்தில் பழைய புரதங்கள் தீர்வதற்கு நேரம் எடுக்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணித்தியாலங்கள் கழித்தும் தொடங்கலாம், ஒரு நாளைக்குப் பிறகும் தொடங்கலாம்.